கணக்கில் வராத பிள்ளைகள்: உள்ளடக்கிய ஆசிரியர் கல்வியும் கலப்பு முறை ஆய்வும்

“கல்வியியல்ல பி.எச்டி. பண்ணலாம்னு இருக்கேன். தலைப்பு உள்ளடக்கிய கல்வி. முறை என்னன்னு கேட்டா கலப்பு முறைன்னு எழுதிடுன்னு சொல்றாங்க. ரெண்டுமே எனக்குச் சரியாப் புரியல.” விழுப்புரம், திண்டிவனம் பக்கம் பி.எட்., எம்.எட். முடித்தவர்களிடம் பேசினால் இந்த மாதிரி ஒரு வாக்கியம் எப்படியும் வந்துவிடும். பாதிப் பேர் வேலை கிடைக்குமா என்பதையும் சேர்த்துத்தான் கேட்கிறார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. வேலை விஷயத்தைப் பின்னால் பேசலாம். முதலில் ஒரு கணக்கு.

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 16,42,497 பேர். 2011இல் 11,79,963 பேர். பத்தே வருஷத்தில் நாலரை லட்சத்துக்கும் மேல் குறைந்துவிட்டது. இதே பத்து வருஷத்தில் மாநிலத்தின் மக்கள்தொகை 6.24 கோடியிலிருந்து 7.21 கோடியாகக் கூடியது. நாடு முழுவதும் பார்த்தால் மாற்றுத்திறனாளிகளின் எண்ணிக்கை 2.19 கோடியிலிருந்து 2.68 கோடியாக ஏறியிருக்கிறது. நம்ம மாநிலத்திலோ 2.63 சதவீதம் 1.64 சதவீதமாக இறங்கியிருக்கிறது. எங்கே போனார்கள் இவர்கள்?

உள்ளே போய்ப் பார்த்தால் கதை இன்னும் விசித்திரம். பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 2001இல் 9,64,063 பேர்; 2011இல் 1,27,405 பேர். செவித்திறன் குறைபாடு நேரெதிர்: 72,636 பேராக இருந்தது 2,20,241 பேராகிவிட்டது. கண்புரை அறுவை சிகிச்சைகளுக்கு இதில் ஒரு பங்கு இருக்கலாம். ஆனால் அதை மட்டும் வைத்து எட்டு லட்சத்தை விளக்க முடியாது. அதோடு, தமிழ்நாட்டில் பத்து வருஷத்துக்குள் எல்லாருக்கும் கண் தெளிந்து காது மட்டும் மந்தமாகிவிட்டது என்று நம்பவும் முடியாது.

மாறியது முக்கியமாக வரையறை. 2001இல் ஒரு கண்ணில் மட்டும் சரியான பார்வை உள்ளவரையும் பார்வைக் குறைபாட்டில் சேர்த்தார்கள், 2011இல் சேர்க்கவில்லை. காது விஷயத்தில் தலைகீழ். காது கேட்கும் கருவி வைத்திருப்பவர்களை 2001இல் விட்டுவிட்டார்கள், 2011இல் சேர்த்துக்கொண்டார்கள். 2001இல் ஐந்து வகை, 2011இல் எட்டு வகை. எட்டில் ஒன்று ‘மற்றவை’. அந்தப் பெட்டிக்குள் மட்டும் 2,38,392 பேர் இருக்கிறார்கள். அதாவது தமிழ்நாட்டு மாற்றுத்திறனாளிகளில் ஐந்தில் ஒருவருக்கு என்ன குறைபாடு என்றே அந்த அட்டவணையை வைத்துச் சொல்ல முடியாது.

எண் பொய் சொல்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. எண் ஒரு கேள்விக்கான பதில். அந்தக் கேள்வியை யார் கேட்டார்கள், எந்தச் சொல்லில் கேட்டார்கள், கேட்கப்பட்டவர் என்னவென்று புரிந்துகொண்டார் என்பதெல்லாம் அட்டவணையில் இருக்காது. “உங்க வீட்ல மாற்றுத்திறனாளி யாராவது இருக்காங்களா?” என்று வாசலில் நின்று கேட்டால், “அதெல்லாம் யாரும் இல்லைங்க” என்பார்கள். அதே வீட்டில் பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசினால், “பெரியவனுக்குக் கூப்பிட்டா சட்டுனு கேக்காது. மத்தபடி நல்லாத்தான் இருக்கான்” என்று வரும். இரண்டு பதிலும் உண்மைதான். கலப்பு முறை ஆய்வு என்ற ஒன்று தேவைப்படுவது இந்த இடத்தில்தான்.

இது வெறும் புள்ளிவிவரச் சண்டையும் இல்லை. 2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம், சிறப்பாசிரியர்களுக்கு மாணவர் விகிதத்தை நிர்ணயிக்கச் சொன்னது. 2022 செப்டம்பரில் வந்த அறிவிக்கையின்படி 1 முதல் 5ஆம் வகுப்பு வரை 10 மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர். 6 முதல் 8 வரை 15 பேருக்கு ஒருவர். 2025 மார்ச்சில் பணியிடங்களைக் கணக்கிட்டு அறிவிக்குமாறு மாநிலங்களுக்கு நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட்டது. பள்ளிப் பதிவேட்டில் குழந்தை இருந்தால்தான் விகிதத்தில் வரும். விகிதத்தில் வந்தால்தான் பணியிடம். எண்ணப்படாத பிள்ளைக்கு ஆசிரியரும் கிடையாது.

இரண்டு சொற்கள்

உள்ளடக்கிய கல்வி என்றால் என்ன என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: பள்ளிக்கு ஏற்றபடி பிள்ளையை மாற்றுவதற்குப் பதிலாக, பிள்ளைக்கு ஏற்றபடி பள்ளியை மாற்றுவது. 1974இல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தின் பெயர் ‘ஒருங்கிணைந்த கல்வி’. சாதாரணப் பள்ளியில் சேர்த்துக்கொள்வோம், ஈடுகொடுத்துப் படிப்பது உன் பாடு என்பதுதான் அதன் நடைமுறை. 1994இல் ஸ்பெயினில் உள்ள சலமாங்காவில் 92 அரசுகளும் 25 பன்னாட்டு அமைப்புகளும் கூடிப் பேசியபோதுதான் ‘உள்ளடக்கம்’ என்ற சொல் உலக அளவில் நிலைபெற்றது. இந்தியாவில் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதற்குச் சட்ட வரையறை கொடுத்தது. 21 வகைக் குறைபாடுகளையும் பட்டியலிட்டது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, ஆட்டிசம் எல்லாம் தனித்தனி வகையாக வந்தது அப்போதுதான். (நம்ம ஊரில் ‘சமக்ர சிக்ஷா’வுக்கு ‘ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி’ என்று பெயர் வைத்துவிட்டதால், பழைய ‘ஒருங்கிணைந்த’வையும் புதிய ‘ஒருங்கிணைந்த’வையும் மாணவர்கள் தேர்வுத்தாளில் போட்டுக் குழப்புகிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை.)

கலப்பு முறை என்பது எண்ணையும் பேச்சையும் ஒரே ஆய்வுக்குள், ஒரே கேள்விக்காக, ஒன்றோடொன்று மோதவிட்டுப் பார்ப்பது. ‘மோதவிட்டு’ என்பது முக்கியம். 300 பேரிடம் வினாநிரல், 10 பேரிடம் நேர்காணல், நாலாவது அத்தியாயத்தில் சராசரி, ஐந்தாவது அத்தியாயத்தில் நாலு மேற்கோள் என்று பைண்டிங் பண்ணினால் அது கலப்பு முறை ஆகாது. ஒரே அட்டைக்குள் இரண்டு ஆய்வேடு, அவ்வளவுதான்.

இதற்கு அமெரிக்கப் புத்தகங்கள் நிறைய இருக்கின்றன. தஷாக்கோரியும் டெட்லியும் தொகுத்த கையேடு 2003இல் வந்தது. கிரெஸ்வெல், பிளானோ கிளார்க் எழுதிய பாடநூல் 2007இல் வந்தது. இந்த முறைக்கென்றே ஓர் ஆய்விதழும் அதே ஆண்டில் தொடங்கியது. பெயர் புதுசு. ஆனால் செய்த வேலை பழசு. அதற்கு விழுப்புரம் மாவட்டத்துக்குள்ளேயே சாட்சி இருக்கிறது.

இருவேல்பட்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தன் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி விவரம் சேகரிக்கச் சொன்னார். 1918இல் புத்தகமாக வந்த அந்தத் தொகுப்பில் அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து இடம்பெற்ற ஊர் இது. 1930களில் தாமஸும் ராமகிருஷ்ணனும் செய்த மறு ஆய்வு 1940இல் வெளியானது. 1983இல் எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும் மறுபடியும் எழுதினார்கள். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் போய்ப் பார்த்து 2010இல் எழுதினார்கள். ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு ஒரே ஊரின் நிலம், கூலி, சாதி எல்லாம் பதிவாகியிருப்பது உலகத்திலேயே அபூர்வம். 1983 கட்டுரையின் ஆசிரியர்களைக் கவனியுங்கள்: குகன் நிர்வாகத்திலிருந்து வந்த பொருளியலாளர், மென்ச்சர் மானிடவியலாளர். வீட்டு வாரியான கணக்கு ஒரு பக்கம், ஊருக்குள் யார் யாரிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்பது இன்னொரு பக்கம். யாரும் அதைக் கலப்பு முறை என்று அப்போது சொல்லவில்லை. நம்ம பக்கத்து ஆய்வு மாணவர்கள் கிரெஸ்வெல்லின் படங்களை வரைந்து பழகுவதற்கு முன்னால் இருவேல்பட்டுக் கட்டுரைகளைப் படித்துவிடலாம் என்பது என் கட்சி.

வகுப்பறைக்குப் போவோம்

இந்தியாவில் ஆசிரியர் கல்வி இரண்டு கதவுகள் உள்ள வீடு. பொதுவான பி.எட்.டுக்கு தேசிய ஆசிரியர் கல்விக் கழகம். சிறப்புக் கல்வி பி.எட்.டுக்கு 1992 சட்டத்தின் கீழ் வந்த இந்திய மறுவாழ்வுக் கழகம். ஒரு கதவு வழியாக வருகிறவருக்குப் பாடம் நடத்தத் தெரியும், பிரெயில் தெரியாது. இன்னொரு கதவு வழியாக வருகிறவருக்கு பிரெயிலோ சைகை மொழியோ தெரியும், ஆனால் 40 பிள்ளைகள் உள்ள வகுப்பு அவர் கையில் இல்லை. 2014 விதிமுறைகளுக்குப் பிறகு பி.எட். இரண்டு வருஷமானபோது ‘உள்ளடக்கிய பள்ளியை உருவாக்குதல்’ என்று ஒரு தாள் பொதுப் படிப்புக்குள் வந்தது. நல்ல விஷயம். ஆனால் ஒரே ஒரு தாள். அதையும் மனப்பாடம் பண்ணி எழுதித் தேறிவிட முடியும்.

அந்தத் தாளைப் படித்தவர் வகுப்பறையில் மாறினாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வழக்கமாகச் செய்வது அளவுகோல். உமேஷ் சர்மா, டிம் லோர்மன், கிறிஸ் ஃபோர்லின் மூவரும் 2012இல் வெளியிட்ட ஆசிரியர் தன்திறன் அளவுகோல் உலகமெங்கும் புழங்குகிறது. 18 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 6 படிநிலை. ஆக மொத்த மதிப்பெண் 18க்கும் 108க்கும் நடுவில். எல்லாரையும் சேர்த்துக் கற்பிப்பது, மற்றவர்களோடு இணைந்து வேலை செய்வது, வகுப்பில் நடத்தையைக் கையாள்வது என்று மூன்று பகுதியாகப் பிரிகிறது. இந்த மூவரும் கிறிஸ் எர்லும் சேர்ந்து 2011இல் கொண்டுவந்த இன்னோர் அளவுகோல் உண்டு. உணர்வு, மனப்பான்மை, கவலை என்று 15 கூற்றுகள் அதில்.

அந்த ‘கவலை’யில்தான் முதல் கண்ணி. ஆங்கிலத்தில் அந்தப் பகுதியின் பெயரைத் தமிழாக்கினால் ‘கவலை’ என்றும் வரும், ‘அக்கறை’ என்றும் வரும். “எனக்குக் கவலையாக இருக்கிறது” என்று எழுதினால் ஆசிரியர் தன் பயத்தைச் சொல்வார். “எனக்கு அக்கறை இருக்கிறது” என்று எழுதினால் எல்லாரும் ‘முற்றிலும் ஒப்புக்கொள்கிறேன்’ என்று டிக் அடிப்பார்கள். யார்தான் அக்கறை இல்லை என்று சொல்வார்கள்? ஒரே ஒரு சொல்லில் மதிப்பெண் தலைகீழாகிவிடும். மொழிபெயர்த்ததை இன்னொருவர் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்கும் வழக்கம் இருக்கிறது. இந்தக் கண்ணியில் அது போதாது. ‘அக்கறை’ ஆங்கிலத்துக்குத் திரும்பும்போது பழைய சொல்லாகவே திரும்பி, சரியாக இருப்பது போலத் தோன்றும். அஞ்சாறு ஆசிரியர்களை உட்காரவைத்து, “இந்த வரியைப் படிச்சதும் உங்க மனசுல என்ன வந்துச்சு?” என்று கேட்பதுதான் வழி. பார்த்தீர்களா, எண் எடுப்பதற்கு முன்னாலேயே பேச்சு தேவைப்படுகிறது.

இரண்டாவது கண்ணி, எங்கே வைத்து நிரப்பச் சொல்கிறோம் என்பது. வட்டார வள மையத்தில் பயிற்சி முடிந்து டீ வருவதற்கு முன்னால், பக்கத்தில் தலைமையாசிரியர் உட்கார்ந்திருக்க, தாளைக் கொடுத்தால் என்ன பதில் வரும் என்று சொல்லவே வேண்டாம்.

சரி, ஒரு கற்பனை ஆய்வு வைத்துக்கொள்வோம். மயிலம், மரக்காணம், வானூர், விக்கிரவாண்டி ஒன்றியங்களில் 300 தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள். இரண்டு அளவுகோலும் நிரப்புகிறார்கள். 300 பேரில் 40 பேருக்கு மனப்பான்மை மதிப்பெண் மிக உயர்வு, கவலை மதிப்பெண்ணும் மிக உயர்வு. சராசரி போட்டால் இந்த 40 பேரும் நடுவில் கரைந்துபோவார்கள். ஆனால் ஆய்வின் உயிர் அவர்களிடம்தான் இருக்கிறது: ‘வரட்டும், சேர்த்துக்கலாம், ஆனா எப்படின்னு தெரியல’ என்கிறவர்கள் அவர்கள். இரண்டாம் கட்டத்தில் நேர்காணலுக்கு அவர்களிலிருந்துதான் ஆள் எடுக்க வேண்டும். இதற்கு விளக்கத் தொடர் வடிவமைப்பு என்று பெயர். எண் முதலில், எண்ணை விளக்கும் பேச்சு பிறகு.

இதில் புத்தகத்தில் பெரிதாகப் பேசப்படாத ஒரு சிக்கல். வினாநிரலில் பெயர் வாங்காவிட்டால் அந்த 40 பேரை மறுபடி எப்படிக் கண்டுபிடிப்பது? பெயர் வாங்கினால் உண்மையாக நிரப்புவார்களா? தாளில் ஒரு குறியீட்டு எண் மட்டும் போட்டு, மறுபடி பேச விருப்பமுள்ளவர்கள் அதே எண்ணையும் கைபேசி எண்ணையும் தனிச் சீட்டில் எழுதி வேறு உறையில் போடச் சொல்லலாம். சின்ன ஏற்பாடு. முதல் நாளே செய்யாவிட்டால் இரண்டாம் கட்டத்துக்கு வழியே இல்லை.

நேர்காணலில் என்ன கேட்பது? ‘உள்ளடக்கிய கல்வி பற்றி உங்கள் கருத்து என்ன’ என்று கேட்டால் பாடப்புத்தகத்தை ஒப்பிப்பார்கள். ‘நேத்து காலையில வகுப்புல என்ன நடந்துச்சு, அந்தப் பிள்ளை எங்க உக்காந்திருந்தான், என்ன கையில வச்சிருந்தான்’ என்று கேட்க வேண்டும். ஈராசிரியர் பள்ளியாக இருந்தால் இன்னொருவர் கூட்டத்துக்குப் போன நாளில் என்ன ஆகிறது என்று கேட்க வேண்டும். 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்து உட்கார வைக்கிறார்கள். ஒரு பிள்ளை வருஷக்கணக்காக அரும்பிலேயே இருந்தால், காது கேட்கிறதா, எழுத்து தலைகீழாகத் தெரிகிறதா என்று யாராவது சோதித்தார்களா? நிலைவாரிக் கற்பித்தலில் நல்லது நிறைய இருக்கிறது. ஆனால் குறைபாட்டை ‘மெதுவாகப் படிக்கிற பிள்ளை’ என்ற சொல்லுக்குள் மறைத்துவைக்கவும் அது போதும்.

கடைசியில் எண்ணையும் பேச்சையும் ஒரே அட்டவணையில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்க வேண்டும். இடது பத்தியில் மதிப்பெண், நடுவில் அவர் சொன்னது, வலதில் ‘இரண்டும் ஒத்துப்போகிறதா, முரண்படுகிறதா, ஒன்று இன்னொன்றை விரிக்கிறதா’. முரண்படும் வரிசைகளை எடுத்து வீசிவிடக் கூடாது.

வேறு திசையிலும் போகலாம். பேச்சு முதலில், எண் பிறகு. ‘இல்லம் தேடிக் கல்வி’ 2021 அக்டோபரில் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில்தான் தொடங்கியது. அதில் மாலை நேரம் பாடம் எடுத்த தன்னார்வலர்களுக்குத் தெருவில் எந்த வீட்டில் எந்தப் பிள்ளை வெளியே வருவதில்லை என்பது தெரியும். குறைபாட்டை ஊர்க்காரர்கள் என்னென்ன சொற்களில் சொல்கிறார்கள் என்று அவர்களிடமிருந்து திரட்டி, அந்தச் சொற்களை வைத்தே கணக்கெடுப்புக் கேள்வியை எழுதலாம். 2001 முதல் இயங்கும் வாஷிங்டன் குழுவின் ஆறு கேள்விகள் இதே தந்திரம்தான்: ‘குறைபாடு’ என்ற சொல்லே வராமல், பார்ப்பதில் சிரமம் உண்டா, கேட்பதில் சிரமம் உண்டா என்று படிப்படியாகக் கேட்கும். யுனிசெஃபோடு சேர்ந்து குழந்தைகளுக்கென்றே 2016இல் தனித் தொகுதியும் கொண்டுவந்தார்கள்.

ரோசணையிலிருந்து ஒரு கேள்வி

உள்ளடக்கிய கல்வி என்றாலே சக்கர நாற்காலி, சாய்தளம் என்று முடித்துக்கொள்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. திண்டிவனத்தில் இருந்துகொண்டு அப்படி முடிக்க முடியாது. திண்டிவனம் அரசு கலைக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த பிரபா கல்விமணி, பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தையும் ரோசணையில் தாய்த்தமிழ்ப் பள்ளியையும் உருவாக்கியவர். இருளர் பிள்ளைகளின் படிப்பு, சாதிச் சான்றிதழ், காவல் நிலையம் எல்லாம் ஒரே முடிச்சில் இருக்கிறது என்பது அவர் வேலையைக் கவனித்தவர்களுக்குத் தெரியும்.

அந்த முடிச்சை ஆய்வுக்குள் கொண்டுவந்து பாருங்கள். ஓர் இருளர் குடும்பம் சூளை சீசனில் செங்கல் அறுக்கக் கிளம்புகிறது. கூடப் போகிற ஏழு வயதுப் பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்காது. வட்டார வள மையத்தில் மருத்துவ முகாம் நடக்கும் நாளில் பிள்ளை ஊரில் இல்லை. பதிவேட்டில் ‘நீண்ட நாள் வராதவர்’. பழங்குடிச் சான்றிதழ் கோட்டாட்சியரிடம் வாங்க வேண்டும். குறைபாட்டுச் சான்றிதழுக்கு முண்டியம்பாக்கம் மருத்துவமனை. இடைநிற்றல் கணக்கில் வருவான், பழங்குடிக் கணக்கில் வரலாம், காது கேளாதவர் கணக்கில் வரவே மாட்டான். மூன்று துறைகளின் மூன்று எக்செல் கோப்புகளில் ஒரே பிள்ளையை மூன்று வேறு ஆளாகப் பார்க்கிறோம். சூளைக்கு ஒரு தடவை போய் அம்மாவிடம் பேசினால்தான் மூன்றும் ஒன்று என்று தெரியும். தமிழ்நாட்டின் ஆறு தொல்பழங்குடிக் குழுக்களில் இருளரும் ஒன்று. ஆனாலும் இருளர் கல்வி பற்றி எழுதுகிறவர்கள் குறைபாட்டைத் தொடுவதில்லை, குறைபாடு பற்றி எழுதுகிறவர்கள் இருளரைத் தொடுவதில்லை. தலைப்பு தேடி அலைகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

இனி வேலை. பட்ட மேற்படிப்பு, எம்.எட்., அதோடு நெட் அல்லது பி.எச்டி. இருந்தால் உதவிப் பேராசிரியர் தகுதி. இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அது கிடைத்தால் களப்பணிக்குப் பஸ் செலவுக்குக் கையேந்த வேண்டாம். சிறப்புக் கல்வியில் பி.எட். வைத்து மறுவாழ்வுக் கழகப் பதிவும் இருந்தால் இரண்டு கதவும் திறக்கும். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அந்தப் படிப்பை நடத்தியிருக்கிறது. முட்டுக்காட்டில் 2005இல் வந்த பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் திண்டிவனத்திலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பிவிடக்கூடிய தூரம்தான். மறைக்காமல் சொல்ல வேண்டியதும் உண்டு: சுயநிதி பி.எட். கல்லூரிகளில் சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வியில் சிறப்புப் பயிற்றுநர்கள் பல வருஷமாகத் தொகுப்பூதியத்தில்தான் இருக்கிறார்கள். உச்ச நீதிமன்ற உத்தரவு நடைமுறைக்கு வந்தால் இந்தப் பக்கம் மாறலாம்.

2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 அடிப்படை நாளாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. வீடு வீடாகப் போய்க் கேட்கப் போகிறவர்களில் பள்ளி ஆசிரியர்கள் நிறைய இருப்பார்கள். ‘உள்ளடக்கிய பள்ளியை உருவாக்குதல்’ தாளில் தேறியவர்களும் அதில் இருப்பார்கள். வாசலில் நின்று அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்று எந்த பி.எட். கல்லூரியாவது அதற்குள் ஒரு மத்தியானம் ஒதுக்கிப் பழக்கிப் பார்த்தால், அதுவே ஒரு நல்ல கலப்பு முறை ஆய்வுக்குக் களம்.